காட்டு ஆந்தைய படம் எடுக்கறது பத்தி கொஞ்சம் விரிவா

நீங்க கேட்டத சுருக்கமா சொல்லிட்டு ஆரம்பிக்கறேன். கோயமுத்தூர்ல இருக்கீங்க, கையில 150-600 எம்எம் ஜூம் லென்ஸ் இருக்கு, தென்னந்தோப்புலயும் பழைய கட்டடத்துலயும் புள்ளி ஆந்தை எடுத்து பழகியாச்சு, இனி காட்டுக்குள்ள இருக்கற ஆந்தைங்கள எடுக்கணும். எங்க தேடறது, செட்டிங்ஸ் என்ன, லென்ஸ் மாத்தணுமா, ராத்திரி ஃப்ளாஷ் போடலாமா, மொபைல்ல ஆந்தை குரல போட்டு வரவழைக்கலாமா, இதுதான் கேள்வி. கடைசி ரெண்டுக்கும் என் பதில் வேண்டாம்ங்கறதுதான், காரணத்த கீழ விவரமா எழுதறேன்.

மொதல்ல ஒரு விஷயம் மனசுல பதியணும். நம்ம ஊர் காட்டுல ராத்திரி நடந்து போய் ஆந்தை எடுக்கறதுங்கற பேச்சே கிடையாது. ரிசர்வ் ஃபாரஸ்ட்டுக்குள்ள அனுமதி இல்லாம கால் வெச்சாலே குத்தம், சரணாலயம் புலிகள் காப்பகம்னா வனத்துறை அனுமதியோட, அவங்க சொல்ற நேரத்துல, அவங்க ஆளோடதான் போக முடியும். பந்திப்பூர் வழியா போற ரோட்டையே ராத்திரி 9 மணில இருந்து காலைல 6 மணி வரைக்கும் மூடிடறாங்க. அப்ப நமக்கு மிச்சம் இருக்கறது பகல், விடியக்காலை, பொழுது சாயற நேரம். அதாவது ஆந்தை தூங்கற நேரத்துலயும், தூங்கி எந்திரிக்கற நேரத்துலயும்தான் நாம அத பாக்கறோம். இத ஒரு குறையா நினைக்காதீங்க, நல்ல ஆந்தை படங்கள்ல நெறைய இப்படி எடுத்ததுதான். ஆனா இதோட சேந்து ஒரு பொறுப்பும் வருது, தூங்கிட்டு இருக்கற ஒரு உயிரோட படுக்கைகிட்ட போய் நிக்கறோம், நாம வந்துட்டு போனதுக்கு அப்பறமும் அது அதே கிளைல கண்ண மூடி உக்காந்திருந்தாதான் நாம சரியா எடுத்தோம்னு அர்த்தம். செட்டிங்ஸ், லென்ஸ் எல்லாத்தையும் இதுக்கு அப்பறம்தான் நான் வெப்பேன்.

எந்த ஆந்தை எங்க இருக்கும்னு தெரியாம சும்மா காட்ட சுத்தினா ஒண்ணும் கிடைக்காது. ஆரம்பிக்கறதுக்கு சுலபமானது ஜங்கிள் ஔலட், உடம்பு முழுக்க நெருக்கமா கோடு கோடா இருக்கும், புள்ளி ஆந்தை சைஸ்தான். முதுமலை, டாப்ஸ்லிப், ஆனைகட்டி பக்கம் இலையுதிர் காட்டுல காலைல வெயில் ஏறற வரைக்கும் கூட முழிச்சு உக்காந்திருக்கும், மெதுவா ஆரம்பிச்சு போகப் போக வேகமாகி ஒரு கட்டத்துல சட்டுனு நிக்கற மாதிரி கத்தும். அடுத்தது பூமன் ஆந்தைங்கற பிரவுன் ஃபிஷ் ஔல், இதுக்கு தண்ணி வேணும், மீனு, நண்டு, தவளதான் சாப்பாடு, மோயாறு, பவானி மாதிரி ஆத்தோரமா பெரிய நீர்மருது, நாவல், மாமரம் இருக்கற எடத்துல பகல் முழுக்க ஒரே கிளைல இருக்கும். பொரிப்புள்ளி ஆந்தைனு ஒண்ணு இருக்கு, மாட்டில்ட் வுட் ஔல், இது நடுக்காட்ட விட காட்டோரத்து புளியந்தோப்பு, பழைய மாந்தோப்பு, ஆலமரத்ததான் விரும்பும், சாயங்காலம் நடுங்கற குரல்ல அது கத்தறத கேட்டா ஊர்க்காரங்க ஏன் பயந்தாங்கனு புரியும். வால்பாறை, ஊட்டி, கொடைக்கானல் பக்கம் சோலைக்காட்டுல பிரவுன் வுட் ஔல், பெரும்பாலும் ஜோடியா ஒட்டி உக்காந்திருக்கும். எல்லாத்துலயும் பெருசு ஸ்பாட் பெல்லீட் ஈகிள் ஔல், ஆனைமலை மாதிரி அடர்ந்த காட்டுல இருக்கு, இலங்கைல பேய்ப்பறவை கத்துதுனு சொல்ற அந்த அலறல் இதோடதுதான்னு பலரும் நினைக்கறாங்க. கேரளால தட்டேக்காடு பறவைகள் சரணாலயம் போனா பே ஔல் கிடைக்கலாம், அது உள்ளூர் கைடு இல்லாம நமக்கு சாத்தியமே இல்ல.

ஸ்காப்ஸ் ஆந்தைங்கள தனியா சொல்லணும். கைக்குள்ள அடங்கற சைஸ், மரப்பட்டை நிறம், காதுமயிர் மாதிரி ரெண்டு கொம்பு. இந்தியன் ஸ்காப்ஸ் கண்ணு பழுப்பா இருக்கும், ஓரியண்டல் ஸ்காப்ஸ் கண்ணு மஞ்சளா இருக்கும், கண்ண திறந்து வெச்ச படம் இருந்தா சந்தேகமே வேண்டாம். ஆனா பகல்ல அது கண்ண திறக்கறதுன்னாலே பெரும்பாலும் நாம தொந்தரவு பண்ணிட்டோம்னுதான் அர்த்தம்.

இப்ப தேடறது. ஆந்தைய கண்ணால தேடாதீங்க, காதால தேடுங்க, அப்பறம் தரைய பாருங்க. காலைல ஏழு எட்டு மணிக்கு ஒரு மரத்துல கரிச்சான், கொண்டைக்குருவி, வால்காக்கை, அணில் எல்லாம் சேந்து ஒரே எடத்த பாத்து விடாம கத்திட்டு இருந்தா அங்க ஒண்ணு பாம்பு இருக்கும், இல்ல ஆந்தை இருக்கும். சின்ன பறவைங்க ஒண்ணு சேந்து ஆந்தைய அந்த எடத்த விட்டு கிளப்பறதுக்கு போடற சண்டை அது. ஓடிப் போய் நிக்காம தள்ளியே நின்னு பைனாகுலர்ல பாருங்க, எல்லா குருவியும் எந்த பக்கமா மூக்க நீட்டுதோ அந்த கோடு போய் முடியற எடத்துல பாத்தா போதும். காது எவ்வளவு முக்கியம்னு சொல்ல இலங்கைல ஒரு நல்ல உதாரணம் இருக்கு, செரண்டிப் ஸ்காப்ஸ் ஆந்தை. 1995ல கித்துல்கல காட்டுல தீபால் வராககொடங்கற பறவை ஆய்வாளர் அதுவரைக்கும் கேக்காத ஒரு குரல கேட்டாரு, அந்த பறவைய கண்ணால பாத்தது 2001 ஜனவரில, சிங்கராஜ காட்டுல. புது இனம்னு முறைப்படி எழுதினது 2004ல. அத்தன வருஷம் அந்த ஆந்தை குரலாத்தான் இருந்துச்சு.

தரைல என்ன பாக்கணும்னா, எச்சமும் பெல்லட்டும். ஒரே கிளைல தினமும் உக்கார்ற ஆந்தைக்கு கீழ சுண்ணாம்பு தெளிச்ச மாதிரி வெள்ளையா இலைலயும் தண்டுலயும் வழிஞ்சிருக்கும். பெல்லட்ங்கறது அது செரிக்காத எலும்பு, மயிர், ஓடு எல்லாத்தையும் உருண்டையாக்கி வாய் வழியா கக்கிப் போடறது. எலி திங்கற ஆந்தையோடது சாம்பல் கலர்ல மயிரா இருக்கும், உடைச்சு பாத்தா குட்டி மண்டையோடும் மஞ்சப்பல்லும் கிடைக்கும். பூமன் ஆந்தையோடது வேற மாதிரி, நண்டு ஓடு துண்டு துண்டா, மீன் முள்ளு, செதில், காஞ்சதும் லேசா தொட்டாலே உதிந்துடும். ஆத்தோரம் பாறை மேல நண்டுக்கால் ஓடும் வெள்ளை எச்சமும் சேந்து கிடந்தா, நிமிந்து மேல பாக்கறதுக்கு முன்னாடி நாலு அடி பின்னாடி வந்துட்டு அப்பறம் பாருங்க. நேர் கீழ நின்னு அண்ணாந்து பாத்தீங்கனா அது பறந்து போறதத்தான் பாப்பீங்க. மத்த ஆந்தைங்களுக்கு எறகு ஓரத்துல சீப்பு மாதிரி இருக்கற அமைப்புனால சத்தமே வராது, மீன் ஆந்தைக்கு அது சரியா கிடையாது, தண்ணிக்குள்ள இருக்கற மீனுக்கு சத்தம் கேட்டா என்ன கேக்காட்டி என்ன, அதனால அது கிளம்பினா எறகு சத்தம் நமக்கே கேக்கும். அந்த சத்தம் கேட்டா அன்னைக்கு அந்த மரத்துல வேலை முடிஞ்சதுனு திரும்பி வந்துடணும், பின்னாடியே துரத்தி அடுத்த மரத்துக்கு போகக்கூடாது. பகல்ல வெளில வந்த ஆந்தைய காக்காயும் கழுகும் சும்மா விடாது.

காட்டுக்குள்ள உங்களோட வர்ற வாட்சர், கைடு இவங்கள வெறும் வழிகாட்டியா நினைக்காதீங்க. ஆனைமலைல காடர், மலசர் பழங்குடி ஆளுங்க எந்த மரத்துல எந்த மாசம் எது அடையும்னு சின்ன வயசுலருந்து பாத்து வெச்சிருக்காங்க. அவங்க நிக்க சொன்னா நிக்கணும், திரும்பலாம்னு சொன்னா திரும்பணும். ஆந்தை தேடறவங்க எல்லாரும் தலைய மேலயே வெச்சிருப்போம், யானை மூங்கில் மறைவுல இருபது முப்பதடி தூரத்துல அசையாம நிக்கும், காட்டெருமையும் அப்படித்தான். கேமரா வழியா பாத்துட்டு இருக்கறப்ப ஒருத்தர் கண்டிப்பா சுத்தியும் பாத்துட்டு இருக்கணும், தனியா போகவே கூடாது.

மரத்த கண்டுபிடிச்சாச்சு, ஆந்தை உக்காந்திருக்கு. இங்கதான் நெறைய பேர் அவசரப்படறாங்க. மொத படத்த எவ்வளவு தூரத்துல இருக்கீங்களோ அங்கருந்தே எடுத்துடுங்க, அப்பறம் ஒரு அஞ்சு நிமிஷம் எதுவும் பண்ணாம அத பாருங்க. ஆந்தையோட உடம்பு என்ன சொல்லுதுனு படிக்க கத்துக்கணும். உடம்பு குண்டா, எறக உப்பி வெச்சு, ஒத்த கால்ல நின்னு, தலை தோளுக்குள்ள போன மாதிரி இருந்தா நிம்மதியா இருக்கு. அதே ஆந்தை உடம்ப இறுக்கி ஒல்லியா நீட்டி, கொம்ப நேரா தூக்கி, கண்ண ஒரு கோடு அளவுக்கு மட்டும் திறந்து வெச்சிருந்தா அது தூங்கல, உங்களுக்கு பயந்து மரக்கட்டை மாதிரி நடிக்குது. ஸ்காப்ஸ் ஆந்தை இப்படி நிக்கற படத்த "அழகா போஸ் குடுக்குது"னு போடறவங்கள பாக்கறப்ப எனக்கு உண்மையிலேயே வருத்தமா இருக்கு, அது போஸ் இல்ல, பயம். ஔலட் வகைங்க, அதாவது சின்ன ஆந்தைங்க, தலைய மேலயும் கீழயும் பக்கவாட்டுலயும் ஆட்டி பாக்கும். ஆந்தைக்கு கண்ணு குழிக்குள்ள அசையாது, அதனால தூரத்த கணக்கு போட தலையத்தான் ஆட்டணும், ரெண்டு தடவ ஆட்டிட்டு விட்டுட்டா பரவால்ல, விடாம ஆட்டினா நீங்க ரொம்ப பக்கத்துல இருக்கீங்க. அலகால டக் டக்குனு சத்தம் போட்டாலோ, பெரிய ஆந்தை எறக விரிச்சு குனிஞ்சாலோ உடனே பின்வாங்கணும், பெரும்பாலும் பக்கத்துல கூடு இருக்கும்.

கண்ணிமைய கவனிச்சிருக்கீங்களானு தெரியல. ஆந்தை கண்ண சிமிட்டறப்ப மேல் இமை கீழ வரும், நம்ம மாதிரியே. தூங்கப் போறப்ப கீழ் இமை மேல ஏறி வந்து மூடும். லென்ஸ் வழியா பாத்துட்டே இருக்கறப்ப அந்த கீழ் இமை மெல்ல மேல ஏறுதுனா அது உங்கள மறந்துடுச்சு, அதுதான் நீங்க வேலைய ஆரம்பிக்கறதுக்கான சிக்னல். அப்பக்கூட நேரா அத பாத்து நடக்காதீங்க, பக்கவாட்டா, நின்னு நின்னு, நடுவுல வேற எங்கயோ பாக்கற மாதிரி. சருகு மேல கால் வெக்கறப்ப முழு பாதத்த ஒரேடியா வெச்சா சத்தம் அதிகம், பாதத்தோட வெளி ஓரத்த மொதல்ல வெச்சு மெல்ல உருட்டுங்க. எத்தன மீட்டர் தூரம்னு ஒரு கணக்கு எல்லாரும் கேப்பாங்க, மீட்டர் கணக்கு எதுவும் எல்லா ஆந்தைக்கும் பொருந்தாது, ரோட்டோர மரத்துல இருக்கறது பத்து மீட்டர்ல கூட அசையாது, உள்காட்டுல இருக்கறது நாப்பது மீட்டர்லயே போயிடும்.

சரி, செட்டிங்ஸ். மரத்தடி வெளிச்சம் நாம நினைக்கறத விட ரொம்ப கம்மி, கண்ணு பழகிடறதால தெரியாது. 600 எம்எம், எஃப் 6.3 (அப்பர்ச்சர்ங்கற லென்ஸ் துளை அளவு), ஐஎஸ்ஓ 3200 (கேமராவோட வெளிச்ச உணர்திறன்) வெச்சா அடர்ந்த நிழல்ல ஷட்டர் 1/60, 1/100 நொடி பக்கம்தான் கிடைக்கும். நல்ல வேளையா தூங்கற ஆந்தை அசையாது, ட்ரைபாட்ல 1/60ல தாராளமா எடுக்கலாம், 1/30ல கூட எடுக்கலாம், காத்துல கிளை ஆடாம இருக்கணும் அவ்வளவுதான். பத்து பன்னெண்டு படம் தொடர்ச்சியா எடுத்தா அதுல ரெண்டு மூணு பளிச்சுனு வரும். ட்ரைபாட் விரிக்க எடம் இல்லேனா, ஜீப் சஃபாரினா, லென்ஸ தாங்கற பீன் பேக் பை கொண்டு போங்க, ஜீப் இன்ஜின ஆஃப் பண்ண சொல்லுங்க, இன்ஜின் ஓடறப்ப எடுத்த படம் எதுவும் உருப்படியா வராது. மிரர்லெஸ்னா எலக்ட்ரானிக் ஷட்டர்ல சத்தமில்லாம எடுங்க, இருட்டுல எலி நடக்கற சத்தத்த வெச்சே வேட்டையாடற காது அது. டிஎஸ்எல்ஆர்னா சைலண்ட் மோட் போட்டுட்டு, நாலஞ்சு படம் எடுத்து நிறுத்தி, மறுபடி நாலஞ்சுனு எடுங்க.

ஃபோகஸ்ல ஒரு சிக்கல் வரும். கண்ண தானா தேடிப் பிடிக்கற அனிமல் ஐ ஆட்டோஃபோகஸ் ஆந்தை முகத்த நல்லாவே பிடிக்கும், ஆனா நடுவுல இலையும் குச்சியும் இருந்தா, இல்ல கண்ண மூடி இருந்தா, எங்கயோ போய் நிக்கும். அதனால சின்ன சிங்கிள் ஃபோகஸ் பாயிண்ட் ஒண்ண ஒரு பட்டனுக்கு செட் பண்ணி வெச்சுக்கங்க, கண்ணு மூடி இருந்தா முகத்துக்கு நடுவுல அலகு ஆரம்பிக்கற எடத்துல வெச்சா கண்ணும் சேந்து ஷார்ப்பா வந்துடும். ஃபுல் ஃப்ரேம்ல 15 மீட்டர் தூரத்துல 600 எம்எம், எஃப் 6.3 வெச்சா ஷார்ப்பா இருக்கற ஆழம் சுமாரா ஒரு ஜாண்தான், முகத்துக்கும் மாருக்கும் அது போதும், அதனால அப்பர்ச்சர மூடி வெளிச்சத்த இழக்க வேண்டியதில்ல.

எக்ஸ்போஷர்ல ரெண்டு மாதிரி தப்பு நடக்கும். அண்ணாந்து எடுக்கறப்ப பின்னாடி வானம் ஓட்டை ஓட்டையா வெள்ளையா தெரியும், கேமரா ஏமாந்து ஆந்தைய கருப்பாக்கிடும், அப்ப எக்ஸ்போஷர் காம்பன்சேஷன ப்ளஸ் 1, ப்ளஸ் 1.3 வெக்கணும். பொந்துக்குள்ள உக்காந்திருக்கற ஆந்தைக்கு நேர் எதிர், சுத்தியும் இருட்டு, கேமரா வெளிச்சத்த ஏத்தி முகத்து வெள்ளைய வெளுக்க வெச்சுடும், அங்க மைனஸ் போகணும். அத விட நல்ல வழி, ரெண்டு அடி நகந்து வானத்துக்கு பதிலா இன்னொரு மரத்தண்டோ இலைக்கூட்டமோ பின்னாடி வர்ற மாதிரி நிக்கறது. மலைச்சரிவு இருந்தா இன்னும் நல்லது, கொஞ்சம் மேல ஏறினா கீழ இருக்கற மரத்தோட நடுக்கிளை உங்க கண்ணுக்கு நேரா வரும், ஆந்தையோட வயித்துக்கு பதிலா முகம் கிடைக்கும். டாப்ஸ்லிப், வால்பாறை ரோட்டுல இப்படி எடங்க நெறைய இருக்கு.

ஒயிட் பேலன்ஸ், அதாவது நிறத்த சரி பண்றது பத்தி யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க. பச்சை இலைக்கு கீழ எல்லாமே பச்சை அடிக்கும், அதுலயும் சாம்பல், பழுப்பு எறகு ரொம்ப வாங்கிக்கும். ரா ஃபைல்ல எடுத்துட்டு டிண்ட்ங்கற பச்சை-மெஜந்தா ஸ்லைடர கொஞ்சம் மெஜந்தா பக்கம் தள்ளினா எறகோட உண்மையான நிறம் திரும்பி வரும். நாய்ஸ்க்கு, அதாவது படத்துல வர்ற பொடிப்புள்ளிக்கு பயப்பட வேண்டாம், இப்ப இருக்கற சாஃப்ட்வேர்ல ஐஎஸ்ஓ 6400 படம் கூட சுத்தமா வருது, ஆனா ஓவரா இழுத்தா மாரு மேல இருக்கற மெல்லிசு கோடு எல்லாம் மெழுகு மாதிரி ஆயிடும். ஆந்தைக்கு அந்த கோடுதான் அடையாளமே, அத காப்பாத்துங்க.

கருப்பு கண்ணு ஆந்தைங்க, அதாவது பிரவுன் வுட் ஔல், பொரிப்புள்ளி, ஸ்பாட் பெல்லீட் இதெல்லாம் நிழல்ல எடுத்தா கண்ணு ரெண்டும் வெறும் ஓட்டை மாதிரி தெரியும். கண்ணுல ஒரு சின்ன ஒளிப்புள்ளி விழணும். அது ஃப்ளாஷ்ல இருந்து வரணும்னு இல்ல, திறந்த வானம் எந்த பக்கம் இருக்கோ அந்த பக்கமா அது தலைய திருப்பறப்ப தானா விழும். ஆந்தை 270 டிகிரி வரைக்கும் தலைய திருப்பும், கழுத்துல 14 எலும்பு இருக்கு, அதனால கொஞ்சம் காத்திருந்தா எல்லா பக்கமும் பாக்கும். நாம கைதட்டியோ விசிலடிச்சோ திருப்ப வேண்டியதே இல்ல.

என்னை கேட்டா ஒரு நாள்ல படம் எடுக்க உருப்படியான நேரம் சூரியன் மறையறதுக்கு முன்னாடி அரை மணி நேரம்தான். பகல் முழுக்க கல்லு மாதிரி இருந்ததுக்கு அப்பதான் உயிர் வரும். மொதல்ல ஒரு கண்ணு திறக்கும், அப்பறம் ஒரு பக்க எறகையும் அதே பக்க காலையும் சேத்து கீழ்நோக்கி நீட்டி சோம்பல் முறிக்கும், அடுத்து இன்னொரு பக்கம், அப்பறம் ரெண்டு தோளையும் மேல தூக்கி முதுக வளைக்கும். எறக ஒண்ணொண்ணா அலகுல உருவி சரி பண்ணும், கால் நகத்தால முகத்த சொறியும். சில சமயம் கழுத்த முன்னாடி நீட்டி வாய பெருசா திறக்கும், கொட்டாவினு நினைச்சு பாதி பேர் விட்டுடுவாங்க, பெல்லட் கக்கறதுக்கு அப்படி பண்ணும், விடாம எடுங்க. கடைசியா எச்சம் போட்டுட்டு லேசா முன்னாடி குனிஞ்சா அடுத்த நொடி பறக்கும். அந்த நேரத்துக்கு ஷட்டர் 1/800 மேல வேணும், அந்த வெளிச்சத்துல உங்க லென்ஸ்ல அது முடியாது, அதனால பறக்கற படத்துக்கு ஆசப்படாம சோம்பல் முறிக்கறதயும் எறகு கோதறதயும் 1/125, 1/200ல நல்லா எடுங்க. ஒரு முழு உடம்பு ஸ்ட்ரெட்ச் படம், பத்து க்ளோசப் முகத்த விட அந்த பறவைய பத்தி அதிகம் சொல்லும். அனுமதி நேரம் முடியறதுக்கு முன்னாடி வண்டிக்கு திரும்பற மாதிரி எடத்த தேர்ந்தெடுத்துக்கங்க, ரெஸ்ட் ஹவுஸ், கேம்ப் வளாகத்துக்குள்ளயே இருக்கற பெரிய மரங்க இதுக்கு ரொம்ப வசதி.

இனி ஃப்ளாஷ். இருட்டுக்கு பழகின கண்ணு அது, விழித்திரை முழுக்க மங்கின வெளிச்சத்த வாங்கறதுக்குன்னே அமைஞ்சது. வேட்டைக்கு தயாரா உக்காந்திருக்கற பறவை மூஞ்சில அவ்வளவு வெளிச்சத்த அடிச்சுட்டு, அடுத்த நிமிஷம் அது இருட்டுல கிளைங்களுக்கு நடுவுல பறக்கணும்னா அந்த ஆபத்த அது மேல சுமத்த நமக்கு என்ன உரிமை இருக்கு. போகட்டும், படமாவது நல்லா வருதா, கண்ணு பளபளனு பல்பு மாதிரி எரியும், பின்னாடி காடே இல்லாம கருப்பு, எந்த காட்டுல எடுத்தாலும் ஒரே மாதிரி இருக்கும். டார்ச்சும் அப்படித்தான், ரோட்டோரத்துல ஒரு நொடி அடையாளம் பாக்கலாம், கண்ணுல பிடிச்சு நிறுத்தி வெக்கக்கூடாது.

குரல போட்டு கூப்பிடறது இத விட மோசம். உங்க ஃபோன்ல இருந்து வர்ற குரல் அதுக்கு, தன்னோட எல்லைக்குள்ள இன்னொரு ஆண் வந்துடுச்சுங்கற செய்தி. வேட்டைய விட்டுட்டு, கூடு இருந்தா கூட்ட விட்டுட்டு, சண்டைக்கு வரும். திறந்த கிளைல வந்து உக்காந்து கத்தும், நாம படம் எடுப்போம், ஆனா அந்த சத்தத்த பெரிய ஆந்தையும் கேக்கும், ஈகிள் ஔல் மாதிரி பெரிய ஆந்தைங்க சின்ன ஆந்தைய அடிச்சு தின்னும். தினமும் நாலு க்ரூப் வர்ற எடத்துல நாலு க்ரூப்பும் போட்டா அந்த ஜோடி அந்த எடத்தையே விட்டு போயிடலாம். கடைல வாங்கின வெள்ளை எலிய கட்டி வெச்சு எடுக்கறதும் அங்கங்க நடக்குது, ரோட்டோரத்துல எலி போட்டு பழக்கினா அந்த ஆந்தை ஒரு நாள் லாரில அடிபட்டுதான் சாகும்.

கூடு கிடைச்சா அத படம் எடுக்கறத விட்டுடுங்க. இத நான் சொல்றதா எடுத்துக்க வேண்டாம், 1972 வன உயிரின பாதுகாப்பு சட்டத்துலயே வேட்டைங்கறதுக்கு குடுத்திருக்கற விளக்கத்துல பறவையோட முட்டையையோ கூட்டையோ தொந்தரவு பண்றதும் சேருது. மறைக்குதுனு ஒரு கிளைய வெட்டி விடறது, இலைய கட்டி ஒதுக்கறது எல்லாம் அதுல வரும், அந்த இலைதான் குஞ்சுக்கு வெயில்ல இருந்தும் காக்காயிட்ட இருந்தும் பாதுகாப்பு. நம்ம பக்கம் ஆந்தைங்க பலதும் மழைக்காலம் முடிஞ்சு கோடை வரைக்கும் இருக்கற மாசங்கள்ல கூடு வெக்கும். பறக்க தெரியாத குஞ்சு கீழ் கிளைலயோ தரைலயோ உக்காந்திருக்கறத பாத்தா தூக்கிட்டு வந்துடாதீங்க, கூட்ட விட்டு வெளில வந்து கிளை தாவி பழகற வயசு அது, அப்பா அம்மா பக்கத்துலதான் இருக்கும்.

எடத்த பத்தி வெளில சொல்றதுல ரொம்ப கவனமா இருக்கணும். தீபாவளி சமயத்துல பூஜை, பலி, மந்திரம்னு ஆந்தைய பிடிச்சு விக்கற வியாபாரம் நம்ம நாட்டுல இருக்கறத, வன உயிர் வியாபாரத்த கண்காணிக்கற டிராஃபிக் அமைப்பு 2010ல விவரமா அறிக்கையா குடுத்திருக்கு. பகல்ல ஒரே மரத்துல மாசக்கணக்குல அடையற பறவைக்கு, அந்த மரம் எதுன்னு வெளில தெரியறதுதான் பெரிய ஆபத்து. படத்துல இருக்கற ஜிபிஎஸ் தகவல எடுத்துட்டு போடுங்க, மாவட்டம், மலைத்தொடர் பேரு போதும். பின்னாடி கோயிலோ மைல்கல்லோ பாலமோ தெரியற மாதிரி இருந்தா அந்த படத்த வெளியிட வேண்டாம். யாராவது நல்லா பழகினவங்க கேட்டாலும் மரத்த காட்டாதீங்க, ஏரியாவ சொல்லி தேட விடுங்க. பறவை பாக்கறவங்க பதிவு போடற ஈபேர்ட் தளத்துல கூட சில இனங்களோட எடத்த பொதுவுல மறைச்சுதான் காட்டறாங்க.

படம் எப்படி இருக்கணும்ங்கறதுல என் விருப்பத்த சொல்றேன். முகம் மட்டும் ஃப்ரேம் நிறைய இருக்கற படம் உயிரியல் பூங்காலயும் எடுக்கலாம். காட்டு ஆந்தைன்னா காடு தெரியணும். 600லயே நிக்காம 150, 200க்கு வாங்க, நீர்மருதோட வெளிறின வழுவழு பட்டை, அதுல நடுவுல பழுப்பா ஒரு உருவம், கீழ ஆத்துத் தண்ணி, இப்படி ஒரு படத்துல அது ஏன் அந்த மரத்த தேர்ந்தெடுத்துச்சுனு பாக்கறவங்களுக்கே புரிஞ்சுடும். இந்தியன் ஸ்காப்ஸ் தேக்கு மரப்பொந்துல இருந்தா தண்டு முழுசா வர்ற மாதிரி எடுங்க, ஆந்தைய தேடி கண்டுபிடிக்கற வேலைய பாக்கறவங்களுக்கு குடுங்க. அதோட ஒரு தெளிவான பக்கவாட்டு படம், ஒரு முன்பக்க படம், தலை உச்சி தெரியற படம்னு சேத்து வெச்சுக்கங்க, அழகுக்காக இல்ல, அடையாளத்துக்காக. ஃபாரஸ்ட் ஔலட் கதை தெரிஞ்சிருக்கும், 1884க்கு அப்பறம் யாருக்கும் உறுதியா கிடைக்காத ஆந்தை, அழிஞ்சே போச்சுனு பல பேர் நினைச்சது, 1997 நவம்பர்ல மகாராஷ்டிரால ஷஹாதா பக்கத்துல பமீலா ராஸ்முஸன், பென் கிங், டேவிட் அபாட் மூணு பேரும் பகல் வெளிச்சத்துல கண்டுபிடிச்சாங்க. புள்ளி ஆந்தை மாதிரியே இருக்கும், ஆனா தலை உச்சில புள்ளி அனேகமா இல்ல, மாருல பட்டை வேற மாதிரி. அத படமாவும் வீடியோவாவும் எடுத்ததாலதான் சந்தேகத்துக்கு எடமில்லாம போச்சு. நம்ம சாதாரண படத்துக்கும் அந்த மதிப்பு வரலாம், தேதியும் எடமும் தனியா உங்க நோட்டுல எழுதி வெச்சுக்கங்க.

எப்ப போகலாம்னா, டிசம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும். பிப்ரவரிக்கு மேல முதுமலை மாதிரி எடத்துல தேக்கு எல்லாம் இலை உதிந்து மொட்டையாயிடும், ஆந்தைங்க நிழல் தேடி ஓடையோரத்து பச்சை மரத்துக்கு நெருங்கி வரும், தேட வேண்டிய மரமே கொறஞ்சுடும். கூடு வெக்கற காலமும் அதுவேங்கறதால தூரத்த இன்னும் கூட்டிக்கங்க. மழைக்காலத்துல அட்டையும் வெளிச்சமின்மையும் சேந்து படம் எடுக்க விடாது, ஆனா குரல் கேட்டு பழகலாம், எஸ்டேட் ரூம் ஜன்னல திறந்து வெச்சா போதும். காட்டுக்கு போறதுக்கு முன்னாடி ஊர் ஓரத்து புளியந்தோப்பு, கோயில் காட்டுல பொரிப்புள்ளி ஆந்தைய தேடி பழகுங்க, தோட்டக்காரர்கிட்ட கேட்டுட்டு உள்ள போங்க, அவருக்கு அது எந்த மரம்னு தெரிஞ்சிருக்கும்.

லென்ஸ் மாத்தணுமானு கேட்டிருந்தீங்க. வேண்டாம், 150-600 இந்த வேலைக்கு போதும், லட்சக்கணக்குல 600 எஃப் 4 வாங்கினாலும் ஒண்ணே கால் ஸ்டாப் (ஒரு ஸ்டாப்னா ரெண்டு மடங்கு) வெளிச்சம்தான் கூட கிடைக்கும், அத ட்ரைபாட் வெச்சே ஈடு கட்டிடலாம். கையில காசு இருந்தா ஒரு நல்ல 8x42 பைனாகுலரும், ஆடாத ட்ரைபாட்டும், கனமான லென்ஸ பேலன்ஸா தாங்க அதுக்கு ஒரு கிம்பல் ஹெட்டும் வாங்குங்க. அந்த பைனாகுலர் இல்லாம காட்டுக்கு கிளம்பாதீங்க, ஆந்தை இருக்கற கிளைய தூரத்துல இருந்தே கண்டுபிடிச்சுட்டா பக்கத்துல போய் அத எழுப்பற வேலையே வராது.